ரெண்டாவது கிராபிக்ஸ் கார்டு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்க



போன வருஷம் மார்ச் 27-ஆம் தேதி ராத்திரி ஒன்பதரை மணிக்கு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். நம்ம சேனலை ரொம்ப நாளா பார்க்கிறவர். மூணு வருஷமா அவரோட வருமான வரி, ஜிஎஸ்டி கணக்கெல்லாம் நான்தான் பார்க்கிறேன். பில்டர்களுக்கும் ஆர்க்கிடெக்டுகளுக்கும் கட்டடத்தோட 3டி படம் போட்டுக் கொடுக்கிற வேலை. வீடு கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடியே ஹால் எப்படி இருக்கும், வெயில் எந்தப் பக்கம் விழும்னு படமா காட்டுவாங்களே, அது.

"அண்ணா, 31-ஆம் தேதிக்குள்ள ரெண்டாவது கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கிடலாமுங்களா? டாக்ஸும் மிச்சமாகும், ரெண்டரும் பாதி நேரத்துல முடிஞ்சிடும். கார்டுல இஎம்ஐ போட்டுக்கலாம்."

ஒரே மூச்சுல மூணு விஷயம். மூணுமே பாதி உண்மை. பாதி உண்மைதான் பர்ஸுக்கு ஆபத்து. முழுப் பொய்யை நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

மார்ச் கடைசி வாரம் ஆடிட்டர்கிட்ட நீளமா பேச முடியாது. அதனால அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "வேண்டாம் தம்பி, ஏப்ரல்ல பேசுவோம்." அவருக்கு முகம் சுண்டிப் போயிருக்கும், போன்லயே தெரிஞ்சது. அப்புறம் என்ன ஆச்சுங்கிறதை அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஒரு கம்ப்யூட்டர்ல ஒண்ணுக்கு மேல கார்டு போடலாமான்னு கேக்கிறவங்க இப்போ அதிகமாயிட்டாங்க. வீடியோ எடிட் பண்றவங்க, ஏஐ கத்துக்கிறவங்க, கேம் விளையாடுறவங்க எல்லாரும் இதையே கேக்குறாங்க. ஆனா ஆளுக்கு ஆள் பதில் வேற.

கேமுக்குன்னா பதில் ரொம்ப சின்னது. வேண்டாம். இதை நான் புத்தகம் படிச்சுச் சொல்லலை, சொந்தக் காசைக் கரைச்சுச் சொல்றேன்.

2013-ல நான் ஆர்ட்டிக்கிள்ஷிப்ல இருந்தேன். சிஏ படிக்கிறவங்களுக்கு ஸ்டைபெண்டு எவ்வளவுன்னு தெரியும்ல? பஸ் பாஸுக்கும் டீக்கும் போக மிஞ்சுறதை ஒரு வருஷம் சேர்த்து, அம்மாகிட்ட ஆறாயிரம் கடன் வாங்கி, என்கிட்ட ஏற்கனவே இருந்த ஜிடிஎக்ஸ் 660-க்கு ஜோடியா இன்னொரு 660 வாங்கினேன். கடைக்காரர் "ரெண்டு 2 ஜிபி, மொத்தம் 4 ஜிபி தம்பி"ன்னார். நானும் கூட்டிப் பார்த்தேன், சரியாத்தான் வந்துச்சு.

அது தப்பு. எஸ்எல்ஐ-ல மெமரி கூடாது. ரெண்டு கார்டுமே ஒரே காட்சியை வரையணும்னா ரெண்டுலயும் அதே டேட்டா இருக்கணும். அதனால 2-உம் 2-உம் சேர்ந்து 2-தான். ஒற்றைப்படை பிரேமை ஒரு கார்டு, இரட்டைப்படை பிரேமை இன்னொரு கார்டுன்னு மாத்தி மாத்தி வரையும். அந்த ரெண்டுக்கும் நடுவுல நேரம் சீரா இல்லைன்னா, கவுண்டர்ல 60 பிரேம்னு காட்டும், கண்ணுக்கு மட்டும் திக்கித் திக்கித் தெரியும். அந்த கேமுக்குன்னு டிரைவர்ல தனியா புரொஃபைல் இல்லைன்னா ரெண்டாவது கார்டு சும்மா உட்கார்ந்து சூடாகும். ஒரு வருஷம் கழிச்சு பாதி விலைக்கும் கீழே வித்தேன். அம்மா அந்த ஆறாயிரத்தை இன்னும் கேக்கலை. அதுதான் உறுத்துது.

இந்தக் கதை எங்க ஆரம்பிச்சுதுன்னா, 1998-ல 3டிஎஃப்எக்ஸ் கம்பெனி வூடூ 2 கார்டுல. திரையோட ஒரு வரியை ஒரு கார்டு, அடுத்த வரியை இன்னொண்ணுன்னு பிரிச்சு வரையும். அந்தக் கம்பெனியோட சொத்துகளை என்விடியா வாங்கி, 2004-ல எஸ்எல்ஐங்கிற அதே சுருக்கப் பேரை வேற விரிவாக்கத்தோட திரும்பக் கொண்டு வந்துச்சு. அடுத்த வருஷம் ஏடிஐ கிராஸ்ஃபயர் விட்டுச்சு. 2021 ஜனவரியோட புது எஸ்எல்ஐ புரொஃபைல் சேர்க்கிறதையே என்விடியா நிறுத்திடுச்சு. 30 வரிசையில 3090 மாதிரி உச்சத்துல இருந்த கார்டுக்கு மட்டும்தான் இணைப்பு இருந்துச்சு. 40 வரிசையில அதுவும் இல்லை, 4090-லயே இல்லை. இப்போ கேம் டெவலப்பரே உட்கார்ந்து ரெண்டு கார்டுக்குன்னு கோடு எழுதினாத்தான் உண்டு. யாரும் எழுதுறதில்லை. பழைய கார்டு சும்மா கிடந்தா பிரேம் ஜெனரேஷன் வேலையை மட்டும் அதுக்குக் கொடுக்கிற மென்பொருள் இருக்கு. கையில இருக்கிறதை வச்சு விளையாடிப் பாருங்க, அதுக்குன்னு காசு போடாதீங்க.

கேம் விஷயம் அவ்வளவுதான். சம்பாதிக்கிறதுக்கு வாங்குறவங்க விஷயத்துக்கு வருவோம்.

முதல்ல உங்க மென்பொருள் ரெண்டாவது கார்டைத் தொடுமா?

பிளெண்டர் சைக்கிள்ஸ், ஆக்டேன், ரெட்ஷிஃப்ட், வி-ரேயோட ஜிபியு எஞ்சின் இதெல்லாம் ரெண்டு கார்டையும் நல்லாவே பயன்படுத்தும். எஸ்எல்ஐ இணைப்பெல்லாம் தேவையே இல்லை. வேலையைப் பிரிச்சுக் கொடுத்துடும், நேரம் கிட்டத்தட்ட பாதியாகும். ஆனா இங்கேயும் மெமரி கூடாது. முழுக் காட்சியும் ஒவ்வொரு கார்டுக்குள்ளயும் அடங்கணும். 12 ஜிபி பத்தலைன்னு திணறுறவர் இன்னொரு 12 ஜிபி வாங்கினா, திணறல் ரெண்டா ஆகும், அவ்வளவுதான்.

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு ஒரு கார்டைத்தான் எடுத்துக்கும். காசு கொடுத்து வாங்குற ஸ்டுடியோ பதிப்புதான் ஒண்ணுக்கு மேல எடுக்கும். லூமியன் ஒரு கார்டோட நிறுத்திக்கும். எனக்குத் தெரிஞ்ச இன்டீரியர் டிசைனர் ஒருத்தங்க லூமியனுக்காக ரெண்டாவது கார்டு வாங்க முன்பணம் கொடுத்துட்டு என்கிட்ட வந்தாங்க, "இதுக்கு ஜிஎஸ்டி கிரெடிட் கிடைக்குமா சார்?"னு. கிரெடிட் கிடைக்கும்மா, கார்டு வேலை செய்யாது. வி-ரேயை சிபியு எஞ்சின்ல ஓட்டுறவங்களுக்கும் இதே கதைதான், முதல் கார்டே அங்கே அதிகம்.

ஏஐ பக்கம் கொஞ்சம் வித்தியாசம். பெரிய மொழி மாடலை அடுக்கு அடுக்கா வெட்டி ரெண்டு கார்டுல பரப்ப முடியும். 70 பில்லியன் அளவு மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினா ஏறக்குறைய 40 ஜிபி வரும். 24 ஜிபி கார்டு ரெண்டு இருந்தா உள்ளே உட்காரும், ஒண்ணுல உட்காரவே உட்காராது. அதனாலதான் பழைய 3090 ரெண்டைத் தேடி எல்லாரும் அலையிறாங்க. அங்கே மெமரி கூடும், ஆனா வேகம் ரெட்டிப்பாகாது, ஏன்னா முதல் கார்டு தன்னோட அடுக்கை முடிச்சுக் கொடுக்கிற வரைக்கும் ரெண்டாவது காத்திருக்கும். கத்துக்கிறதுக்காக வாங்குறேன்னா தாராளமா வாங்குங்க. அதைப் பொழுதுபோக்குச் செலவுன்னு எழுதிக்கோங்க. "என் மேலே நானே பண்ற முதலீடு"ன்னு எழுதாதீங்க. ஒரு மாசம் வாடகை ஜிபியு-ல கத்துக்க நேரம் ஒதுக்க முடியாதவர், சொந்தமா ஒன்றரை லட்சத்துக்கு மெஷின் வாங்கினா மட்டும் நேரம் வந்துடுமா?

நம்ம கோயம்புத்தூர் தம்பி பயன்படுத்துறது பிளெண்டர் சைக்கிள்ஸ். ஆக, மென்பொருள் பரீட்சையில அவர் பாஸ். காட்சிகளும் 12 ஜிபிக்குள்ள அடங்குது. அப்போ வாங்கலாமே?

கார்டு விலை மட்டும் விலை இல்லை

அவர்கிட்ட இருந்தது ஆர்டிஎக்ஸ் 4070. இன்னொண்ணு அதே மாதிரி, கணக்குக்கு ரூ.60,000-ன்னு வச்சுக்குவோம். அவர் மனசுல இருந்த தொகை அதுதான்.

ஆனா அவரோட பவர் சப்ளை 650 வாட். ஒரு 4070 மட்டும் 200 வாட் இழுக்கும், ரெண்டு சேர்ந்தா 400, மேல ப்ராசஸர் இருக்கு. பத்தாது. 1,000 வாட் நல்லதா ஒண்ணு வாங்கினா ரூ.15,000. மதர்போர்டுல ரெண்டாவது ஸ்லாட் இருக்கு, ஆனா முதல் கார்டோட ஃபேன் அதை மூடிக்கிட்டு நிக்குது. ஒட்டி உட்கார வச்சா மேல இருக்கிற கார்டு கீழ்க் கார்டோட சூட்டுக் காத்தைத்தான் உறிஞ்சும். ஏப்ரல் வெயில்ல அது வேகத்தைத் தானா குறைச்சுக்கும். நீங்க வாங்கினது ரெண்டு கார்டு, கிடைக்கிறது ஒண்ணே முக்கால். அதனால இடைவெளி அதிகமுள்ள மதர்போர்டும் பெரிய கேபினெட்டும் சேர்த்து ரூ.25,000. ராத்திரி கரண்ட் போனா பழைய சின்ன யுபிஎஸ் இந்த லோடைத் தாங்காது, அதுக்கு ரூ.12,000.

கூட்டினா ரூ.1,12,000. அறுபதாயிரத்துல ஆரம்பிச்ச பேச்சு. அவர் ஜிஎஸ்டி பதிவு பண்ணினவர்ங்கிறதால 18% வரி சுமார் ரூ.17,000 கிரெடிட்டா திரும்பும். நிகரமா ரூ.95,000.

எல்லாரும் பயப்படுற கரண்ட் பில்லைப் பத்தி ஒரு வரி. 200 வாட் கார்டு 100 மணி நேரம் ஓடினா 20 யூனிட். யூனிட் பத்து ரூபான்னு வச்சாலும் 200 ரூபா. கொஞ்சம் ஏசிக்கும் சேர்த்துக்கோங்க. ரெண்டர் வேலைக்கு கரண்ட் ஒரு விஷயமே இல்லை. சும்மா இருக்கிற கார்டுதான் செலவு.

இப்போ எதிர்ப் பக்கம். அதே கார்டை வாடகைக்கு எடுத்தா? இடத்துக்கு இடம், கார்டுக்குக் கார்டு விலை மாறும், மணிக்கு ரூ.80-ன்னு வச்சுக்குவோம். (வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டுறீங்க, நீங்க ஜிஎஸ்டி பதிவு பண்ணினவர்னா, ரிவர்ஸ் சார்ஜ்ல 18% நீங்களே கட்டி கிரெடிட் எடுக்கணும். பல பேர் மறந்துடுறாங்க, அப்புறம் நோட்டீஸ் வந்ததும் என்னைத் திட்டுறாங்க.)

ஏப்ரல்ல தம்பிகிட்ட நான் கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டர் எப்போ போடுவீங்க?"

"ராத்திரி 11 மணிக்குப் போட்டா காலையில 6 மணிக்கு முடிஞ்சிடுமுங்க."

"ரெண்டாவது கார்டு வந்தா?"

"ரெண்டரை மணிக்கு முடியும்."

"ரெண்டரை மணிக்கு எந்திரிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பதில் சொன்னார், அதை நான் எதிர்பார்க்கலை. "அண்ணா, சில நாள் காலையில வந்து பார்த்தா பெட்ரூம்ல ஒரு லைட் எரியாம இருக்கும். இல்லைன்னா ஏதாவது ஒரு டெக்ஸ்சர் பிங்க் கலர்ல நிக்கும். திரும்பப் போட்டா இன்னும் ஏழு மணி நேரம். அன்னைக்கு சிஸ்டத்துல வேற வேலையே பார்க்க முடியாது. பார்ட்டிக்கு ஒரு நாள் லேட்டு."

இது நியாயமான பதில். கணக்குப் போடுறவங்க எல்லாரும் சராசரி நாளைப் பார்ப்போம், தொழில் பண்றவரைக் கொல்றது கெட்ட நாள்தான். அதனால, "சரி, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்க. ரெண்டருக்காகக் காத்திருந்து வேலை தள்ளிப்போன ஒவ்வொரு நாளையும், ஏன் தள்ளிப்போச்சுன்னும் எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னேன்.

ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரைக்கும் 91 நாள். நோட்டுல இருந்தது 11 நாள். அதுல 7 நாள், காலையில தப்பு தெரிஞ்சு திரும்பப் போட்டது. மீதி 4 நாள் நெஜமாவே வேலை அதிகம்.

அந்த 7 நாளுக்குத் தீர்வு கார்டு இல்லை. தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேமராவுக்கும் குறைஞ்ச சாம்பிள்ல ஒரு சின்னப் படம் போட்டுப் பார்க்கிறதுதான். இருந்தாலும், 11 நாளும், நாளுக்கு 7 மணி நேரம் முழுசா வாடகைக்கே எடுத்தார்னு வச்சாலும் 77 மணி நேரம், ரூ.6,160. மாசத்துக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். 95,000-ஐ அதால வகுத்தா கிட்டத்தட்ட நாலு வருஷம். வாரண்டியே வழக்கமா மூணு வருஷம்தான்.

வேண்டாம்னு அவரே சொல்லிட்டார்.

டாக்ஸ் மிச்சமாகும்னு வாங்குறவங்களுக்கு

மார்ச் மாசம் இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுது. "சார், எதையாவது வாங்கி டாக்ஸ் குறைக்கலாமா?"

கார்டு வாங்கின காசு முழுசும் அந்த வருஷமே செலவாகாது. கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40%. அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா பாதிதான், 20%. அதாவது அக்டோபர் முதல் வாரம் தாண்டி வாங்கினா பாதி. மார்ச் 27-ல தம்பி ரூ.95,000 போட்டிருந்தா கழியிறது ரூ.19,000. அவர் 20% வரி அடுக்குல இருக்கார். செஸ்ஸோட சேர்த்து மிச்சம் நாலாயிரம் ரூபாகூட முழுசா வராது. மீதி அடுத்தடுத்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கழியும், உண்மைதான். ஆனா நாலாயிரம் மிச்சம் பண்ண தொண்ணூத்தஞ்சாயிரம் செலவு பண்றதுக்குப் பேரு டாக்ஸ் பிளானிங் இல்லைங்க.

நீங்க மொத்த ரசீதுல இவ்வளவு சதவீதம் லாபம்னு அனுமான முறையில வரி கட்டுறவரா? அப்போ தேய்மானம் தனியா கழிக்கவே முடியாது. அது ஏற்கனவே கழிஞ்சதா சட்டம் எடுத்துக்கும். உங்களுக்கு டாக்ஸ் மிச்சம் பூஜ்யம்.

ஜிஎஸ்டி கிரெடிட் எடுத்தா அந்த வரித் தொகை மேல தேய்மானமும் சேர்த்து எடுக்க முடியாது. ரெண்டுல ஒண்ணு.

அப்புறம் பழைய கார்டு. தெரிஞ்ச பையன் ஒருத்தர்கிட்ட ரூ.35,000 ரொக்கமா கொடுத்து வாங்கிட்டு, "கணக்குல ஏத்திடுங்க சார்"ம்பாங்க. ஒரே நாள்ல ஒரு ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல ரொக்கமா கொடுத்து சொத்து வாங்கினா, அந்தத் தொகை வரிக் கணக்குல சொத்தோட விலையாவே சேராது. தேய்மானம் கிடையாது. பில் இல்லாததால ஜிஎஸ்டி கிரெடிட்டும் கிடையாது. பேங்க் வழியா கொடுங்க, ஒரு சின்ன ரசீதாவது கையெழுத்து வாங்குங்க. பழசு வாங்காதீங்கன்னு நான் சொல்லலை, பாதி விலையில நல்ல கார்டு கிடைக்கும். அந்தக் கார்டு முன்னாடி எங்க ஓடிச்சுன்னு மட்டும் கேளுங்க.

ஏன்னா அது என் சித்தி வீட்டுல ஓடியிருக்கலாம்.

சித்தி பையன் ஈரோட்டுல இருக்கான். 2021 அக்டோபர்ல ஆறு கார்டு வாங்கி ஈத்தர் மைனிங் போட்டான். அப்போ கார்டு தட்டுப்பாடு, ஒவ்வொண்ணும் ரூ.55,000. ஃப்ரேம், போர்டு, பவர் சப்ளை எல்லாம் சேர்த்து மூணே முக்கால் லட்சத்துக்கு மேல. அதுல ரெண்டரை லட்சம், சித்தியோட நகையை அடகு வச்சது. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு எக்ஸல் ஷீட்டை எனக்கு அனுப்பி, "அண்ணா, செக் பண்ணிச் சொல்லு"ன்னான். செக் பண்ணினேன். ஃபார்முலா எல்லாம் சரியா இருந்துச்சு. "ஃபார்முலா கரெக்ட்"னு பதில் போட்டேன்.

அந்த ஷீட்ல மாத வருமானம்னு ஒரு வரிசை. 24 மாசத்துக்கும் ஒரே நம்பர். அதை நான் பார்த்தேன், ஆனா கேக்கலை.

முதல் சில மாசம் கரண்ட் பில் போக நல்லாவே நின்னுச்சு. இங்கே கரண்ட் ஒரு விஷயம்தான். ஆறு கார்டு, எல்லாம் சேர்த்து 800 வாட், 24 மணி நேரமும் ஓடினா மாசம் 576 யூனிட். ரெண்டு மாச பில்லுல 1,150 யூனிட்டுக்கு மேல, அதுவும் வீட்டு இணைப்புல. 500 யூனிட் தாண்டினாலே முந்தைய யூனிட்டுகளோட விலையும் சேர்ந்து ஏறுற கட்டணம் நம்ம ஊர்ல. அப்புறம் ஈத்தர் விலை இறங்குச்சு. 2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி. மைனிங் மெஷினுக்குப் போட்ட செலவை அடக்க விலையா எடுத்துக்க முடியாதுன்னு மத்திய அரசு நாடாளுமன்றத்துலயே சொல்லிடுச்சு. நஷ்டத்தை வேற வருமானத்தோட கழிக்கவும் முடியாது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம், மைனிங்கே தேவைப்படாத முறைக்கு மாறிடுச்சு. இது திடீர்னு நடந்ததும் இல்லை. அதுக்கான அடித்தளச் சங்கிலி 2020 டிசம்பர்லயே ஓட ஆரம்பிச்சிடுச்சு. அவன் கார்டு வாங்குறதுக்குப் பத்து மாசம் முன்னாடி.

கார்டுகளை ஒவ்வொண்ணும் ரூ.18,000-க்கு வித்தான். உலகத்துல எல்லா மைனரும் அதே வாரம் வித்துக்கிட்டு இருந்தாங்க. நகை திரும்ப வந்தது 2024-ல. நடுவுல அவன் அக்கா கல்யாணம். சித்தி கவரிங் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க. என்னையும்தான்.

அதுல இருந்து யார் ஷீட் அனுப்பினாலும் ஃபார்முலாவைக் கடைசியாத்தான் பார்க்கிறேன். முதல்ல பார்க்கிறது, வருமானம்னு போட்ட நம்பரை யார் கொடுக்கப் போறாங்க, எழுதிக் கொடுத்திருக்காங்களா, எத்தனை மாசத்துக்கு.

தம்பி விஷயத்துக்குத் திரும்ப வர்றேன். ஆகஸ்ட் கடைசியில மறுபடி போன். ஒரு பில்டர் வாக்த்ரூ வீடியோ கேட்டிருக்கார். மாசத்துக்கு ரெண்டு, ஒரு வருஷத்துக்கு. ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம். ஒரு நிமிஷத்துக்கு 1,800 பிரேம். ஒரு பிரேமுக்கு நாலு நிமிஷம்னா 7,200 நிமிஷம், 120 மணி நேரம். ரெண்டு வீடியோவுக்கு 240 மணி நேரம். பத்து நாள் அவர் மெஷின் ராப்பகலா ஓடணும், அந்தப் பத்து நாளும் அவர் மாடலிங் பண்ண முடியாது.

இப்போ ரெண்டாவது கார்டு தலையில பாதி வேலை, மாசம் 120 மணி நேரம். வாடகைக்கு எடுத்தா ரூ.9,600. 95,000-ஐ வகுத்தா பத்து மாசம். அதோட ஜிபி கணக்குல ஃபைலை ஏத்தி இறக்குற தொல்லை வேற. கட்டி முடிக்காத கட்டடத்தோட பிளானை வெளி சர்வர்ல ஏத்தக்கூடாதுன்னு பில்டர் ஒப்பந்தத்துலயே போட்டிருந்தார்.

"வாங்குங்க"ன்னு நானே சொன்னேன். அவருக்கே நம்ப முடியலை.

ரெண்டு நிபந்தனை மட்டும். ஒண்ணு, பில்டர்கிட்ட மூணு மாச முன்பணம். கொடுக்கலைன்னா வாடகைக் கார்டுலயே முதல் ரெண்டு வீடியோ முடிச்சுக் கொடுத்து, பணம் எப்படி வருதுன்னு பார்க்கிறது. அதுக்கு பில்டர் எழுத்துல சம்மதிக்கணும், இல்லைன்னா இந்த வேலையே வேண்டாம். வருஷ ஒப்பந்தம்னு பேப்பர்ல இருந்தாலும், நம்ம ஊர்ல பில் பாஸாகி காசு கைக்கு வர்றது வேற ஒரு தனிக் கதை. ரெண்டாவது, இஎம்ஐ வேண்டாம். ரூ.1,12,000-ஐ 15% வட்டிக்கு 12 மாசம் போட்டா வட்டி ஒன்பதாயிரத்துச் சொச்சம், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, ஆக மொத்தம் சுமார் ரூ.11,000. "நோ காஸ்ட் இஎம்ஐ போட்டிருக்காங்கண்ணா"ன்னார். அந்த வட்டி எங்கயும் ஓடிப் போறதில்லை. பேங்க் வட்டி போடும், கடைக்காரர் அதே தொகையை விலையில தள்ளுபடியா காட்டுவார், வட்டி மேல வர்ற ஜிஎஸ்டி உங்க தலையில. மொத்தமா காசு கொடுக்கிறேன்னு அதே கடையில கேட்டா அந்தத் தள்ளுபடி உங்களுக்கே கிடைக்க வாய்ப்பு இருக்கு. கேட்டுப் பாருங்கன்னேன். கேட்டார், ரூ.4,500 குறைச்சாங்க.

பில்டர் மூணு மாசம் கொடுக்கலை, ரெண்டு மாசத்துக்குக் கொடுத்தார். நாங்க ஒத்துக்கிட்டோம். மீதியைத் தம்பி தன் தொழில் கணக்குல இருந்து போட்டார்.

பில்லை வாட்ஸ்அப்ல அனுப்பினார். ஜிஎஸ்டி நம்பர் சரியா இருந்துச்சு. தேதி செப்டம்பர் 17.